எடைக்கு வாங்கிய வண்டி

ஷோரூமில் நின்ற வெள்ளைக் காரின் கதவை ஜெயச்சந்திரன் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். மண்பானை வாங்குகிறவர்கள் தட்டுவார்களே, அந்த மாதிரி. கதவோடு காதை வைத்துக் கேட்டார். முன்பக்கம் போய் பானெட்டைத் தட்டினார். பின்பக்கம் போய் டிக்கியைத் தட்டினார். தட்டத் தட்ட அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பின்னால் நின்ற தங்கத்தாய்க்கு இது எங்கே போய் முடியும் என்று தெரிந்துவிட்டது. முப்பத்து மூன்று வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வண்டியைக் காட்டிய பெண்ணின் சட்டையில் பிரீத்திகா என்று பெயர் குத்தியிருந்தது. ஏர்பேக் இத்தனை, மைலேஜ் இவ்வளவு, கியரே போட வேண்டாம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் சரிம்மா. எடை எம்புட்டு?" என்றார் ஜெயச்சந்திரன்.

"எதோட எடை சார்?"

"வண்டியோட எடைதான்."

இதுவரைக்கும் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. கையிலிருந்த புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டி ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தாள்.

"எண்ணூத்து முப்பது கிலோ சார்."

"ரோட்டுக்கு வர்றப்ப எம்புட்டு ஆகும்?"

"ஏழு லட்சத்து இருபதாயிரம் சார்."

ஜெயச்சந்திரன் கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. கண்ணைத் திறந்து, பூசணம் பிடித்த வத்தலை மோந்து பார்த்தவர் மாதிரி மூக்கைச் சுளித்தார்.

"கிலோ எண்ணூத்து அறுவத்தேழு ரூவா வருது."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். "சார், கார யாரும் கிலோ கணக்குல பாக்க மாட்டாங்க சார்..."

"பாக்காததுனாலதான் இந்தத் தகரத்த இந்த வெலைக்கு விக்கிறீக. வா தங்கம், போவம்."

தங்கத்தாய் நகரவில்லை. காலையில்தான் அந்த வண்டியைப் பக்கத்துத் தெருவரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. கதவைத் திறந்தால் சீட்டு சரியாக அவர் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. ஏற வேண்டாம், குனிய வேண்டாம், நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிடலாம். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மனுஷன் வாசலைத் தாண்டியிருந்தார். இது மூன்றாவது ஷோரூம்.

ஜெயச்சந்திரனுக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி. நாற்பது வருஷ வியாபாரம். சாக்கின் காதைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினால் கால் கிலோ முன்னப்பின்ன எடையைச் சொல்லிவிடுவார். அந்தக் கை வீட்டுக்குள் வந்தாலும் சும்மா இருக்காது. மிக்சி வாங்கப் போனால் தூக்கிப் பார்ப்பார். மகன் ஆசையாகக் கொண்டுவந்த செல்போனை உள்ளங்கையில் வைத்து, "கனமே இல்லயேலே, உள்ள ஒண்ணும் வைக்காம வித்துட்டான்" என்றார். கனமாக இருக்கிறது என்று அவர் வாங்கிப்போட்ட இரும்புக் கட்டிலை நகர்த்த நாலு ஆள் வேண்டும். பதினெட்டு வருஷமாகத் தங்கத்தாயால் அதற்கு அடியில் ஒழுங்காகப் பெருக்க முடிந்ததில்லை. பட்டுச்சேலை எடுத்தாலும் எடை, குத்துவிளக்கு எடுத்தாலும் எடை. அவளும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கிட்னி இரண்டும் போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் மதுரையில் டயாலிசிஸ். விருதுநகரிலேயே செய்துகொள்ளலாம் என்று டாக்டரே சொன்னார். இவர் கேட்கவில்லை. பஜார்க்காரர்கள் யாராவது வந்து, கையில் குழாயோடு படுத்துக் கிடக்கிறதைப் பார்த்துவிடுவார்களாம். அதனால் செவ்வாய், வியாழன், சனி விடிகாலையில் கிளம்பி மதுரைக்குப் போய், நாலு மணி நேரம் மெஷினில் கிடந்து, சக்கையாகத் திரும்பி வந்தார்.

மண்டியைத் தங்கத்தாய்தான் பார்த்துக்கொண்டாள். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, மலை மாதிரி குவிந்த வத்தலுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். காம்பு கிள்ளுகிற பொம்பளைகள் இருமிக்கொண்டே பேசுவார்கள், பேசிக்கொண்டே இருமுவார்கள். மத்தியானம் வீட்டுக்குப் போய், டாக்டர் சொன்னபடி காயை இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் ஒரு கூட்டு வைப்பாள். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், மண்டிக்குக் கொண்டுபோகிற பையில் ஒளித்து வைத்த காராச்சேவைத் தின்பார். தின்றால் தாகம். தாகத்துக்குத் தண்ணீர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடை மெஷினில் ஏற்றி நிறுத்தி, "மூணு கிலோ கூடியிருக்கே அய்யா, தண்ணி குடிச்சீங்களா?" என்றால், "ஒங்க மெஷினு சரியில்ல" என்று அவளிடம் சண்டை.

இவ்வளவு நாளும் ஜெயபாண்டியின் வாடகைக் கார்தான் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளி சீசன் வந்ததும் அதற்கும் கேடு வந்தது. வடக்கேயிருந்து சரக்கு பார்க்க வருகிற வியாபாரிகளைக் கூட்டிவர, சுற்றுவட்டாரத்து வாடகை வண்டியெல்லாம் சிவகாசிக் கம்பெனிகளுக்குப் போய்விடும். ஒரு வியாழக்கிழமை ஜெயபாண்டி வரவில்லை. போனை எடுக்கவில்லை. வேறு வண்டியும் கிடைக்கவில்லை. ஒரு நாள்தானே என்று விட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவருக்குப் படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை, நெஞ்சில் தண்ணீர் கட்டிக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினார். ஆம்புலன்சில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது டாக்டர் அவரைத் திட்டவில்லை. தங்கத்தாயைத் திட்டினார்.

அவர் வீடு திரும்பிய அன்றைக்கே அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ஐம்பத்து மூன்று வயசு. பெங்களூரில் இருக்கிற மகன் ஸ்ரீராம்குமார் போனில், "ஒன்னால முடியுமாம்மா?" என்றான். முடிந்தது. எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினாள். ஜெயச்சந்திரனும், "சரி, ஒரு வண்டியப் பாப்பம்" என்று இறங்கி வந்தார். இறங்கி வந்த மனுஷன்தான் மூன்று ஷோரூமில் கதவைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

மூன்றாம் நாள் மண்டிக்கு மணிகண்டராஜ் வந்தான். பழைய கார் புரோக்கர்.

"அண்ணாச்சி, நாரணாபுரத்துல ஒரு பட்டாசு மொதலாளி வண்டி இருக்கு. பதினோரு வருசம். ஆனா இரும்பு அண்ணாச்சி, இரும்பு. இப்ப இந்த மாதிரி எவனும் செய்றதில்ல."

"எடை எம்புட்டுடா?" என்றார் அவர், நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயபாண்டியின் வண்டியிலேயே போனார்கள். திருத்தங்கல் தாண்டியதும் ரோட்டோரமெல்லாம் காகிதக் குழாய்களை வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். ஞாயிறென்றும் பார்க்காமல் வேலை நடந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்களின் கையும் முகமும் அலுமினியப் பொடி பட்டு வெள்ளி பூசின மாதிரி மின்னின. மேற்கே மேகம் கறுத்தால், காய்கிற குழாயை யார் முதலில் அள்ளுவது என்ற பதற்றத்தோடு எல்லோரும் வானத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கறுப்பு வண்டி ஒரு வேப்பமரத்து நிழலில் நின்றது. லாரிக்குத் தம்பி மாதிரி இருந்தது. ஜெயச்சந்திரன் கதவைத் தட்டினார். சத்தமே வரவில்லை. திறந்து சாத்தினார். தொம் என்றது. சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி ஒரு மாதமாக இருந்த முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"கேட்டியா தங்கம்? கோட்டைக் கதவு மாதிரி."

தங்கத்தாய் டிரைவர் சீட்டில் ஏறப் பார்த்தாள். சீட்டு அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. சேலை தடுக்கியது. இரண்டாம் முறை கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறினாள். கிளட்சை மிதித்தாள். உரலைக் காலால் தள்ளுகிற மாதிரி இருந்தது.

"ஏங்க, இது எனக்கு ஆகாதுங்க. நீங்களும் ஏற முடியாது."

"யாரு, நானா?" ஜெயச்சந்திரன் மறுபக்கம் போய், கைப்பிடியைப் பிடித்து, ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்து சிரித்தார். இருபத்தைந்து வயசில் லாரியில் தொற்றி ஏறின நினைப்பு.

"இன்னிக்கு ஏறுவீக. மெஷின்ல நாலு மணி நேரம் கெடந்துட்டு, காலு வெலவெலன்னு வருவீகளே, அப்ப ஏறணும்."

"அதெல்லாம் ஏறலாம்."

"மணிகண்டராஜு, இத யாரு ஓட்டப்போறான்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"மதினி, பயப்படாதீக. ஆனை மாதிரி போகும்."

"ஆனை ஓட்ட நான் படிக்கலப்பா."

அவள் பேச்சு அங்கே எடுபடவில்லை. கறுப்பு வண்டியை மணிகண்டராஜ் ஓட்ட, அதிலேயே திரும்புகிற வழியில், லாரிகளுக்கு எடை போடுகிற மேடையில் அதை ஏற்றச் சொன்னார். முன்னால் பேப்பர் ரோல் ஏற்றின லாரி, பின்னால் பட்டாசு அட்டைப்பெட்டி ஏற்றின லாரி, நடுவில் இந்தக் கார். எடைமேடைக்காரன் தலையை நீட்டி, "கார எதுக்கு அண்ணாச்சி எடை போடுறீக, காயலாங் கடைக்கா?" என்று கேட்டான். ஜெயச்சந்திரன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. துண்டுச்சீட்டு வந்தது. ஆயிரத்து எண்ணூற்றைம்பது கிலோ.

"நாலேகால் லச்சம்." உதடு அசைந்தது. "கிலோ எரநூத்து முப்பது. வத்தல் வெல தங்கம்! வத்தல் வெலைக்குக் காரு!"

"அண்ணாச்சி மாதிரி கணக்குப் பாத்து வாங்குன ஆள நான் கண்டதில்ல," என்றான் மணிகண்டராஜ். தங்கத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பேசினால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதைவிட, கையில் கிடைத்ததை எடுத்து எறிந்துவிடுவோமோ என்றும் இருந்தது.

வண்டியை அவள் பேரிலேயே பதிவு பண்ணினார். "எல்லாம் ஒம்பேர்லயே இருக்கட்டும்" என்றார். அதை அவள் ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை வீட்டு முக்காலியைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவர் முக்காலியில் கால் வைத்து ஏறினார். கள்ளிக்குடி போவதற்குள் இடது முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. இரண்டு இடத்தில் வண்டி அணைந்து போயிற்று. பின்னால் வந்தவர்கள் ஹாரனாலேயே வைதார்கள். "இரும்பு வண்டி, கொஞ்சம் பழகணும்," என்றார் ஜெயச்சந்திரன், ஏதோ மாட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

மத்தியானம் டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தார். உடம்பிலிருந்து மூன்று கிலோ தண்ணீரை இறக்கியிருந்தார்கள். ரத்த அழுத்தம் குறைந்து, முகம் சாம்பல் பூத்திருந்தது. முக்காலியில் ஒரு கால் வைத்தார். அடுத்த காலைத் தூக்க முடியவில்லை. தங்கத்தாய் பின்னாலிருந்து தள்ளினாள். முடியவில்லை. வாட்ச்மேன் வந்தார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் வந்தார். யாரோ ஒரு நோயாளியின் மச்சானும் வந்தார். ஒருத்தர் இடுப்பைப் பிடிக்க, ஒருத்தர் காலைப் பிடிக்க, மூன்று பேரும் சேர்ந்து அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள்.

"லோடு ஏத்தியாச்சு தாயி, கதவச் சாத்துங்க," என்றார் வாட்ச்மேன். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் ஜெயச்சந்திரன் காதில் அது விழுந்தது. விருதுநகர் வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றோடு இந்த வண்டியின் மேல் இருக்கிற பைத்தியம் தெளிந்தது என்று தங்கத்தாய் நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஆசாரியிடமிருந்து மரத்தில் செய்த இரண்டு படி வந்து இறங்கியது. தேக்கு. தங்கத்தாய் தூக்கிப் பார்த்தாள். முழுசாக அவளால் தூக்க முடியவில்லை.

"முக்காலி ஆடுது. இது ஆடாது, நல்ல கனம்," என்றார் அவர்.

"இத நாந்தான தூக்கி வைக்கணும்? ஏத்துறப்ப ஒருக்கா, எறக்குறப்ப ஒருக்கா. மனுசி ஒருத்தி இருக்காங்கிற நெனப்பே ஒங்களுக்குக் கெடையாதா?"

"வாட்ச்மேனு தூக்கி வைப்பான்."

வியாழக்கிழமை அதில் ஏறினார். சனிக்கிழமை மத்தியானம் இரண்டாவது படியில் கால் வழுக்கியது. விழாமல் இருக்கக் கதவின் மேல் கையைப் போட்டார். ஊசி குத்தி எடுத்த கை. கட்டுப் பிரிந்து ரத்தம் பீய்ச்சியது. தங்கத்தாயின் சேலை, கதவு, தேக்குப் படி எல்லாம் ரத்தம். அவள் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், சிஸ்டர்" என்று கத்தினாள். நர்ஸ் ஓடிவந்து கட்டுப் போட்டுக்கொண்டே, "என்னம்மா வண்டி இது, கிட்னி பேஷண்ட இதுல ஏத்துறீங்க, அறிவு இருக்கா?" என்றாள். அந்தத் திட்டும் தங்கத்தாய்க்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மணிகண்டராஜைக் கூப்பிட்டாள்.

"வண்டிய எடுத்துட்டுப் போயிரு."

"மதினி, அண்ணாச்சி..."

"வண்டி எம்பேர்ல இருக்கு. கையெழுத்து நான் போடுறேன். என்ன கொறைக்கணுமோ கொறச்சுக்க. பொழுது சாயுறதுக்குள்ள இந்த எடத்துல அது நிக்கக் கூடாது."

அந்த வாரம் ஜெயபாண்டியின் கையைக் காலைப் பிடித்து ஒப்பேற்றினாள். மகனிடம் விஷயத்தைச் சொன்னாள்; குறைந்த பணத்தை அவன் அனுப்பினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெள்ளைக் கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. பிரீத்திகாவே வந்து சாவி கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஜெயச்சந்திரன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்த கேக்காம வித்திருக்க. ஒரு வார்த்த கேக்காம வாங்கியிருக்க," என்றார், டிவியைப் பார்த்துக்கொண்டே. "அந்தத் தகர டப்பாவுல நான் ஏற மாட்டேன்."

"பெறகு எப்பிடி மதுரைக்குப் போவீக?"

"கவர்மெண்டு பஸ்ஸு ஓடுது."

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தாள். சனிக்கிழமை காலையில் அவருக்கு இட்லி எடுத்துவைத்துவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். பையைக் காணோம். வாசலுக்கு ஓடினாள். தெருமுனையில் ஆட்டோ ஒன்று பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

கட்டியிருந்த சேலையோடு சாவியை எடுத்தாள். பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போதே மதுரை பஸ் வெளியே வந்தது. மூன்றாவது ஜன்னலில் அவர். பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். தங்கத்தாய் பஸ்ஸின் பின்னாலேயே வண்டியை விட்டாள்.

நாலுவழிச் சாலையில் பஸ் வேகம் எடுத்தது. அவளும் எடுத்தாள். பஸ் நின்ற இடத்திலெல்லாம் அவளும் நின்றாள். முந்திக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் காத்திருக்கலாம்தான். ஆனால் வழியில் மூச்சு முட்டினால்? பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கு இந்த மனுஷனைப் பற்றி என்ன தெரியும்? காலி சீட்டுகளோடு, பஸ்ஸின் புகையைத் தின்றுகொண்டே போனாள். போகப் போக ஆத்திரம் தலைக்கு ஏறியது. ஏழு லட்ச ரூபாய் வண்டி குளுகுளுவென்று காலியாகப் போகிறது, அதற்கு முன்னால் கிட்னி செத்த மனுஷன் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகிறார். இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழுவது?

கள்ளிக்குடியில் பஸ் நின்றபோது கண்டக்டர் இறங்கி வந்து அவள் கண்ணாடியைத் தட்டினார்.

"என்னம்மா, விருதுநகர்ல இருந்து பஸ்ஸ ஒட்டியே வர்றீக? முந்திப் போக வேண்டியதுதான?"

"உள்ள எங்க வீட்டுக்காரர் இருக்காக."

"அப்ப கார்ல யாரு?"

"யாருமில்ல."

கண்டக்டர் குனிந்து காலி சீட்டுகளைப் பார்த்தார். நிமிர்ந்து பஸ்ஸின் மூன்றாவது ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் வீடு வாசல் இருக்கும் போல. ஒன்றும் கேட்காமல், "பாத்து வாங்க தாயி, பிரேக் போட்டா இடிச்சுராதீக," என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

மதுரை பழங்காநத்தத்தில் இறங்கி அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அவள் ஊர்ந்துகொண்டே பின்னால் போனாள். நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தவர் அவளைப் பார்த்தார். கார்க் கதவு திறந்திருந்ததையும் பார்த்தார். பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். தங்கத்தாய் வண்டியை எடுத்து அவர் பக்கத்திலேயே விட்டாள். பின்னால் ஆட்டோ ஹாரன், பைக் ஹாரன். "ஏம்மா, கல்யாண ஊர்வலமா போற?" என்று ஒருத்தன் கத்திவிட்டுப் போனான்.

ஐம்பதடிகூட நடந்திருக்க மாட்டார். "ஆ" என்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். டயாலிசிஸ் முடிந்த கையோடு வருகிற நரம்பு இழுப்பு. விரல்கள் பின்னிக்கொண்டு பாதம் வில் மாதிரி வளைந்தது.

தங்கத்தாய் வண்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள். தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்துவைத்து, பாதத்தை மேலே மடக்கிப் பிடித்து, கெண்டைக்காலை நீவினாள். நீவிக்கொண்டே கத்தினாள். அவள் இப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

"என்னதான் வேணும் ஒங்களுக்கு? தூக்க முடியாத கட்டிலு, தூக்க முடியாத அண்டா, தூக்க முடியாத படி. எல்லாத்தையும் தூக்கியாச்சு. இப்ப ஒங்களையும் ரோட்டுல கெடந்து தூக்குதேன். லேசா இருக்கிறது ஒண்ணாவது எங்கையில குடுத்திருக்கீகளா?"

"வண்டி நடுரோட்டுல நிக்குது..."

"நிக்கட்டும்! போறவன் இடிச்சுட்டுப் போகட்டும். தகர டப்பாதான?"

நரம்பு மெல்ல விட்டது. அவர் மூச்சு வாங்கினார். பிறகு, ஹாரன் சத்தத்துக்கு நடுவில், மெதுவாகச் சொன்னார்.

"புது வண்டி வெளிய வந்த அன்னிக்கே வெல எறங்கிரும் தங்கம். நாலு வருசத்துல ஒண்ணுமில்லாமப் போயிரும். நான் நாலு வருசம் இருப்பனா? எனக்குப் பெறகு ஒனக்கு வண்டி எதுக்கு? அதான் பாத்தேன். இரும்புக்கு எடை இருக்கு. எடைக்குப் போட்டாலும் ஒங்கையில நாலு காசு நிக்கும். மண்டிய நம்ம பய ராமு பாக்கப் போறதில்ல. ஒனக்குன்னு ஏதாவது கனமா இருக்கட்டும்னுதான்..."

தங்கத்தாயின் கை நின்றுவிட்டது. 'எல்லாம் ஒம்பேர்லயே இருக்கட்டும்' என்று அவர் சொன்னது இப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் மனசு இளகும் என்று பார்த்தால், இளகவில்லை. இன்னும் கொதித்தது.

"அப்ப நீங்க வண்டி வாங்கல. நீங்க செத்த பெறகு நான் போடுறதுக்குக் காயலாங்கடைச் சரக்கு வாங்கியிருக்கீக."

அவர் ஊசி குத்திய கையின் கட்டைத் தடவினார்.

"நான் எதுக்கு ஓட்டப் படிச்சேன்? நீங்க போன பெறகு தனியா ஊர் சுத்துறதுக்கா? டிரைவிங் ஸ்கூல் சின்னப் பயகிட்ட வசவு வாங்கி, கால் நடுங்க நடுங்க எட்டுப் போட்டேனே, பக்கத்து சீட்டுல ஆளு வேணும்னுதான போட்டேன்? எம்பது கிலோ மனுசன மெஷினு உருக்கி உருக்கி இம்புட்டா ஆக்கிருச்சு. மிச்சம் இருக்கிறதயாவது சிந்தாம வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேக்கணும்னு நான் கெடந்து சாகுதேன். நீங்க எனக்கு இரும்பு வாங்கித் தாரீக."

ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். "வண்டி யாருதும்மா? எடும்மா மொதல்ல!" என்றவர், தரையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "என்ன அய்யா, முடியலயா? கையப் பிடிக்கவா?"

"வேண்டாம் சார்," என்றார் ஜெயச்சந்திரன். "ஏறிருவேன்."

தங்கத்தாயின் தோளைப் பிடித்து எழுந்தார். நாலு எட்டு வைத்தார். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று அப்படியே உட்கார்ந்தார். காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவைத்தார். யாரும் தூக்கவில்லை.

திருமங்கலம் தாண்டியாயிற்று. அழுது ஓய்ந்த கண் அவளுக்கு எரிந்தது. டேங்கர் லாரி ஒன்று உரசுகிற மாதிரி முந்திப் போனது. காற்றில் வண்டி லேசாக அலைந்தது.

"பாத்தியா, காத்துக்கே ஆடுது," என்றார்.

"ஆடட்டும்."

வெயில் சாய்ந்து கரிசல்காட்டின் மேல் மஞ்சளாகக் கிடந்தது. தூரத்தில் எங்கேயோ மழை இறங்குகிற வாசம். அவர் சீட்டில் தலையைச் சாய்த்தார். தூங்கிவிட்டார் என்று அவள் நினைத்தாள்.

"செவ்வாக்கெழம எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எப்பவும் போல அஞ்சரைக்கு."

"அஞ்சேகாலுக்கே எடு. நீ மெதுவாத்தான் ஓட்டுத."

தங்கத்தாய் பல்லைக் கடித்தாள். முன்னால் ஒரு விருதுநகர் பஸ் போய்க்கொண்டிருந்தது. இண்டிகேட்டரைப் போட்டு, ஆக்சிலரேட்டரை அழுத்தி, அதை முந்திக்கொண்டு போனாள்.